ஒரே பக்கம், ஒரே பொத்தான்

ஒரு குடும்பம் நான்கு முறை விண்ணப்பம் போட்டு ஏமாற்றப் பார்க்கிறது என்று எனக்குத் தொலைபேசி வந்தபோது, தி. நகர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். பேசியவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் செயலாளர். மயிலாப்பூர்க்காரர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குரலில் கோபம் இல்லை. என்னைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருந்தார்.

“உங்க சிஸ்டம் ரொம்ப நன்னா கண்டுபிடிச்சுடுத்தும்மா. ஒரே ரேஷன் கார்டு நம்பர், நாலு விண்ணப்பம். ஒண்ணுல ரெண்டு பேர், ரெண்டுல அஞ்சஞ்சு பேர், இன்னொண்ணுல ஆறு பேர். பசங்க பேர்கூட மாறறது. செவப்பா கோடு போட்டுக் காட்டறது பாருங்கோ, பேப்பர்ல இருந்தா நாங்க கவனிச்சிருக்கவே மாட்டோம். அந்தக் குடும்பத்தை நிறுத்தி வச்சுட்டேன்.”

“சரி சார்” என்றேன். டப்பாவை மூடி வைத்தேன்.

ஏமாற்றுகிறவர்கள் முதல் தடவையிலேயே ஆள் கணக்கைக் கூட்டிச் சொல்வார்கள். இரண்டு, ஐந்து, ஐந்து, ஆறு என்று யாரும் ஏமாற்ற மாட்டார்கள். ஒரு படிவம் பாதியில் நின்று, பாதியில் நின்று, மறுபடியும் பாதியில் நின்றால்தான் அப்படி ஓர் எண்ணிக்கை வரும். அந்தப் படிவத்தைக் கணினியில் உருவாக்கியவள் நான்.

அந்த அறக்கட்டளை வருடாவருடம் பள்ளி திறப்பதற்கு முன் வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை, நோட்டுப் புத்தகம், பை, செருப்பு எல்லாம் கொடுக்கிறது. அதற்கு நான்கு பக்கத்தில் ஒரு காகித விண்ணப்பம் வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் குடும்பத்தின் முகவரி, ரேஷன் கார்டு. இரண்டாவதில் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரின் விவரம். மூன்றாவதில் படிக்கிற பிள்ளைகளின் பள்ளி, வகுப்பு, சீருடை அளவு. நான்காவதில் சான்றிதழ்கள். இதைக் கணினிக்கு மாற்றித் தரச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். நாங்கள் மொத்தம் ஐந்து பேர், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், துணிக்கடைக் கிடங்குக்கு மேல் மாடி. முதலாளிக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. சாதாரண நாளில் என்னை மேடம் என்பார். ஆகாத காரியம் ஆக வேண்டும் என்றால் அக்கா என்பார்.

“அக்கா, அவங்களுக்கு ஒரே பேஜ்ல வேணுமாம். ஒரே பட்டன். அடிச்சோமா, அமுக்கினோமா, முடிஞ்சுதான்னு இருக்கணுமாம்.”

வேண்டாம் என்று சொன்னேன். நான்கு படியாகப் பிரிப்போம், முதலில் குடும்பம், அது சேமிக்கப்பட்டதும் ஆட்கள், பிறகு பள்ளி, கடைசியில் சான்றிதழ் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “கிளையன்ட் சொல்லிட்டாங்கக்கா” என்றார். இருபது வருடமாக இந்தத் தொழிலில் எத்தனை முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்! எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தை ஒரே ராகத்தில்தான் சொல்கிறார்கள்.

ஒரே பக்கத்தில் பல படிவங்கள் இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரே படிவம்தான். உள்ளே அப்படி இல்லை. குடும்பம் ஒரு படிவம். ஏழு பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றாக ஏழு படிவங்கள். நான்கு பிள்ளைகள் படித்தால் இன்னும் நான்கு. ஆட்களைச் சேமிக்க வேண்டுமானால் அவர்கள் எந்தக் குடும்பம் என்று தெரிய வேண்டும். குடும்பத்துக்கோ அதைச் சேமித்த பிறகுதான் எண்ணே கிடைக்கும். அதனால் நான் செய்தது இதுதான்: பொத்தானை அமுக்கியதும் முதலில் குடும்பத்தைச் சேமித்துவிடுவேன். எண் கிடைத்ததும் முதல் ஆளைச் சரிபார்த்துச் சேமிப்பேன். பிறகு இரண்டாவது ஆள். பிறகு மூன்றாவது. எங்கே தப்பு வருகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, பக்கத்தின் மேலே சிவப்பில் ஒரு வரி காட்டுவேன்.

அப்படி நின்றால் அதற்கு முன்னால் சேமித்தது என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். என் வீட்டு ஆட்களை வைத்தே சோதனை செய்தேன். நான், கணவர், மகள். மூன்று பேருக்கும் பிறந்த தேதி துல்லியமாகத் தெரியும், மூன்று பேரின் சான்றிதழும் அளவோடு ஸ்கேன் செய்து இருக்கிறது. பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் பச்சை வரி வந்தது. மே மாதம் பிறக்குமுன் கொடுத்துவிட்டோம். குறிப்பு குறிப்பாகவே இருந்தது.

செயலாளர் கூப்பிட்ட அன்று சாயங்காலமே போயிருக்க வேண்டும். முதலாளி விடவில்லை. “நாலுல மூணை டெலீட் பண்ணிடுங்க மேடம், அவ்ளோதானே” என்றார். எந்த மூன்றை என்று கேட்டேன். மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போகாமல், திருவான்மியூரில் என் வீட்டிலிருந்து நேராக ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அறக்கட்டளை அலுவலகம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வெளியே நிழலில் இரண்டு பெஞ்சு போட்டு ஒரு பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் குடும்பத்தின் எல்லாக் காகிதமும். உள்ளே கணினி முன்னால் இருந்த பெண்மணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டினப்பாக்கத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம். அறக்கட்டளையிலேயே படித்து, அங்கேயே வேலைக்கு வந்தவர் என்று பிறகு சொன்னார். நான் யார் என்று சொன்னதும் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓ, இத்த எழுதுனது நீதானா மேடம்? வா, குந்து. ரொம்ப நாளா உன்னத்தான் பாக்கணும்னு இருந்தேன்.”

உட்கார்ந்தேன்.

“பேஜாரா கீது மேடம் இதோட. நீயே பாரு.”

எதிரே ஒரு குடும்பத்தின் காகிதங்கள் இருந்தன. ஆறு பேர். அவர் வேகமாகத் தட்டினார். பார்க்காமலே எழுத்து விழுந்தது. கால் மணி நேரத்தில் ஆறு பேரும் முடிந்தார்கள், நான்கு சான்றிதழ் படங்களைத் தேடி இணைத்தார். பிறகு, பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். கீழே நகர்த்தி இன்னொரு படம். இன்னும் கீழே நகர்த்தி இன்னொன்று.

“எதுக்கு போட்டோ எடுக்கறீங்க?” என்றேன்.

“இப்பத் தெரியும் பாரு.”

அமுக்கினார். பக்கம் வெளுத்தது, மறுபடியும் வந்தது. மேலே சிவப்பில் ‘சரியான மதிப்பை உள்ளிடவும்’ என்று ஒரு வரி. குடும்பத்தின் முகவரி மட்டும் அப்படியே இருந்தது. ஆறு பேரையும் காணோம். படங்களையும் காணோம். காலியாக ஒரே ஒரு ஆளுக்கான பெட்டிகள் மட்டும்.

“அல்லாம் பூட்ச்சா? எது தப்புன்னு சொல்ச்சா? சொல்லாது. ஆறு பேர்ல யார் தப்பு, பேர் தப்பா, தேதி தப்பா, போன் தப்பா, நாமளே கண்டுபுடிக்கணும். அதான் போட்டோ. இத்த வச்சுக்கினு மறுக்கா மொத்தமும் அடிக்கணும்.” கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி விரலால் தள்ளிக் காட்டினார். திரையின் படங்கள், நூற்றுக்கணக்கில். நடுவில் எங்கோ அவர் வீட்டுப் பிறந்தநாள் கேக் ஒன்று வந்து போனது. “ரெண்டு வாரத்துல போன் ரொம்பிப் பூட்ச்சு மேடம்.”

அந்தச் சிவப்பு வாசகம் நான் எழுதியதுகூட இல்லை. நான் பயன்படுத்திய மென்பொருள் தானாகத் தருகிற பொதுவான வாசகம், மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தபடி, “அந்த நாலு தடவை வந்த குடும்பம் எது?” என்று கேட்டேன்.

“அதோ, வெளில நீலப் பொடவை. இன்னிக்கும் வந்துகீது பாவம்.”

அந்தப் பெண்ணின் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையோரம் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறார். கணவர் சுமை வண்டி ஓட்டுகிறார். வீட்டில் மாமனார் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஒரு மகள், ஒரு மகன். கணவருடைய அக்கா இறந்துபோனதால் அவருடைய பையனும் பெண்ணும் இவர்களிடமே வளர்கிறார்கள். ஆக ஏழு பேர். நான்கு முறையும் நடந்ததைத் தட்டச்சு செய்யும் அந்தப் பெண்மணி விரல் விட்டுச் சொன்னார்.

முதல் முறை, மாமனாருக்குப் பிறந்த தேதி தெரியவில்லை. வயது மட்டும் தெரியும். தேதி இல்லாமல் என் படிவம் மூன்றாவது ஆளிடம் நின்றுவிட்டது. இரண்டு பேர் சேமிக்கப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏதோ ஒரு தேதியைப் போட்டு மறுபடியும் முயன்றார்கள். அக்காவின் பையனுக்கு, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பெட்டியில் ‘மருமகன்’ என்று தேர்ந்தெடுத்தார்.

“அக்கா புள்ள மருமவந்தானே மேடம்? தப்பா?”

“தப்பில்லை” என்றேன்.

“உன் ஃபார்ம் ஒத்துக்கல.”

ஒத்துக்கொள்ளாது. மருமகன் என்றால் மகளைக் கட்டியவர் என்று மட்டும் நினைத்து, வயது இருபத்தொன்றுக்கு மேல் இருக்க வேண்டும் என்று நான் ஒரு விதி எழுதியிருந்தேன். அந்தப் பையனுக்கு ஏழு வயது. எனக்கும் தமிழ்தான் தாய்மொழி. என் அண்ணன் பிள்ளை என் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். கணினி முன்னால் உட்கார்ந்தபோது அதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஐந்து பேரோடு இரண்டாவது பிரதி நின்றது.

மூன்றாவது முறை, போகட்டும் என்று ‘மகன்’ என்று போட்டார்கள். அந்தப் பையனுக்கும் இவருடைய சொந்தப் பையனுக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். ஒரே குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒன்பது மாதமாவது இருக்க வேண்டும், ஒரே தேதி என்றால் இரட்டையர் என்று நான் இன்னொரு விதி எழுதியிருந்தேன். ஒரு படிவத்தில் இருப்பதை இன்னொரு படிவத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபமில்லை, அதற்காக முதலாளி என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த விதி பையனை மறுபடியும் தள்ளியது. நான்காவது முறை, வரிசையை மாற்றினால் ஏற்குமோ என்று அக்கா பிள்ளைகளை முன்னால் போட்டுப் பார்த்தார்கள். ஏற்றது. கடைசியில் இருந்த சொந்தப் பையனைத் தள்ளிவிட்டது. செயலாளர் சொன்ன ‘பேர் மாறற பசங்க’ இப்படி வந்ததுதான்.

“அந்தப் பையனை விட்டுட்டு மிச்ச ஆறு பேரைப் போட்டிருக்கலாமே?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நானும் சொன்னேன் மேடம். அந்தப் பொண்ணு ஒத்துக்கல. ‘அவன வுட்டுட்டு என் புள்ளைக்கு மட்டும் வாங்கிக்கினு போனா அவன் மூஞ்சில எப்டிக்கா முழிப்பேன்’னுச்சு.”

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் அச்சடித்த பட்டியல். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்கோ வாங்கோ, நல்ல சமயத்துல வந்தேள்” என்று சொல்லிவிட்டு, வெளியே பார்த்து நீலப் புடவைப் பெண்ணைக் கூப்பிட்டார். அவர் கவரை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார்.

“ஏம்மா, ஒரு தடவை போட்டா கொடுக்க மாட்டோமா? நாலு தடவை போட்டிருக்கியே. ஒண்ணுல ஒரு பையன் இல்லே, இன்னொண்ணுல இன்னொரு பையன் இல்லே. உண்மையா உங்காத்துல எத்தனை குழந்தைகள்?”

“நாலு சார்.”

“நாலுமே உன் குழந்தையா?”

வாசலில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் உடனே எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது இது:

“சார், சிஸ்டம்ல ஒரு சின்னப் பிரச்சனை இருக்கற மாதிரி தெரியுது…”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி நாற்காலியைத் திருப்பினார். “சிஸ்டம் இன்னா மேடம், தானா பண்ணிக்கிச்சா?”

காது சூடாகிவிட்டது. கோபம் அவர்மேல் வந்தது, முதலாளிமேல் வந்தது, ஒரே பொத்தான் கேட்ட செயலாளர்மேல் வந்தது. எல்லோர்மேலும் வந்து முடிந்த பிறகு சொன்னேன். “நான் எழுதினதுல தப்பு சார். இவங்க நாலு தடவையும் ஒரே விண்ணப்பத்தைத்தான் போட்டிருக்காங்க. முழுசா ஒரு தடவைகூட ஏறலை. பாதியில நின்னதையெல்லாம் என் ப்ரோகிராம் முழு விண்ணப்பமா எடுத்துக்கிட்டு உங்க லிஸ்ட்ல காட்டியிருக்கு. இவங்க யாரையும் ஏமாத்தலை.”

செயலாளர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்போ செவப்புக் கோடு?”

“அதுவும் நான் போட்டதுதான் சார்.”

அவர் பட்டியலை மடித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “தப்பா கேட்டுட்டேன்மா, மனசுல வச்சுக்காதே. உக்காரு, காபி சாப்பிடு” என்றார். அந்தப் பெண் உட்காரவில்லை. “அப்போ இன்னிக்கு ஏத்திடுவீங்களா சார்?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்றைக்கு முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“இன்னும் எத்தினி வாட்டிதாங்க வர்றது?” என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அலுவலகத்துக்குப் போய் முதலாளியிடம் நான்கு நாள் வேண்டும் என்றேன். வேறு வேலை நிற்கிறது, மூன்றை அழித்தால் முடிந்தது, கிளையன்ட் கேட்கவே இல்லாததை நாமே ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் அரை மணி நேரம் பேசினார். நடுவில் மூன்று முறை ‘அக்கா’ வந்தது. “நான் அங்க போய் தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “அதை ஏங்க்கா சொன்னீங்க?” என்று கேட்டவர், நான்கு நாளை மூன்றாகக் குறைத்துக் கொடுத்தார்.

எழுதினேன். பொத்தானை அமுக்கியதும் எதையும் சேமிக்காமல் முதலில் எல்லாப் படிவங்களையும் சரிபார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் மொத்தமாகச் சேமிப்பது, ஒன்று தப்பென்றாலும் எதையும் சேமிக்காமல் இருப்பது. தப்பை அந்தந்த ஆளின் அந்தந்தப் பெட்டிக்குக் கீழேயே எழுதிக் காட்டுவது. தட்டியதை ஒரு எழுத்துக்கூட இழக்காமல் திரும்பக் கொடுப்பது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. சான்றிதழ் படங்களை மட்டும் பிரவுசர் திரும்பத் தராது, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதனால் படத்தைத் தேர்ந்தெடுத்த உடனேயே தனியாக வாங்கி ஓர் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கே ஒரு நாள் போனது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வயது மட்டும் போதும் என்று மாற்றினேன். மருமகன் வயது விதியைத் தூக்கினேன். ஒன்பது மாத விதியைத் தூக்கும்போது, பெரியதாக எதையோ இழப்பதுபோல ஒரு நிமிடம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன். உறவுப் பட்டியலின் கடைசியில் ‘வேறு உறவு’ என்று சேர்த்து, பக்கத்தில் தட்டுவதற்கு ஒரு பெட்டி வைத்தேன்.

நான்காம் நாள் காலை மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பெண்மணி சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தார். முதல் குடும்பத்தில் வேண்டுமென்றே போன் நம்பரில் ஓர் எண்ணைக் குறைத்துப் போட்டு அமுக்கினார். நான்காவது ஆளுக்குக் கீழே, ‘போன் எண்ணில் பத்து இலக்கம் வேண்டும், ஒன்பதுதான் இருக்கிறது’ என்று வந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. படங்களும் இருந்தன.

“தோ பார்றா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்று குடும்பம் போனது. நான்காவது குடும்பத்தில் ஒரு ஆளை இரண்டு முறை சேர்த்துவிட்டு, நடுவில் இருந்த அந்த வரியை ‘நீக்கு’ என்று அமுக்கி எடுத்தார். பிறகு சமர்ப்பித்தார். ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் வந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. பழக்கம் போகாமல் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தையும் சேமித்த பக்கத்தையும் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணினார்.

“மேடம், இங்க ஆறு பேர் கீறாங்க. அங்க அஞ்சு பேர்தான் கீறாங்க. கடசிப் பொண்ணு எங்க?”

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. நடுவில் ஒரு வரியை எடுத்தால் மற்ற வரிகளின் எண்கள் அப்படியே இருந்துவிடுகின்றன. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஆனால் மொத்தம் ஆறு பேர் என்று கணக்கு போகிறது. சேமிக்கிற ப்ரோகிராம் ஆறு வரை எண்ணிவிட்டு, ஏழாம் எண்ணில் இருக்கிற குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் நிறுத்திவிடுகிறது. தப்பு என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பச்சையில் வெற்றி என்று சொல்லிவிட்டு ஒரு பெண் குழந்தையைத் தொலைத்திருக்கிறது.

நெற்றியை மேஜையில் வைத்துவிட்டேன்.

“ஐய, மேடம், அழுவுறியா இன்னா?”

“இல்ல.”

“டீ சொல்லவா?”

“சொல்லுங்க.”

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துச் சரி செய்தேன். நீக்கியதும் எண்களை வரிசையாக மாற்றி எழுதுவது, எண்ணிக்கையை மறுபடியும் போடுவது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவர், “இந்தம்மா வந்தாலே லேட்டாவுது” என்று இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. டீ ஆறி ஏடு கட்டியது. முதலாளி இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. மத்தியானம் போல மறுபடியும் நடுவில் ஒரு வரியை நீக்கி, முதல் வரியை நீக்கி, கடைசி வரியை நீக்கி, எல்லாவற்றையும் நீக்கித் திரும்பச் சேர்த்து என்று அந்தப் பெண்மணி விதவிதமாகப் போட்டுப் பார்த்தார். என் சோதனையெல்லாம் சோதனையே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஒவ்வொரு முறையும் தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது.

நீலப் புடவைப் பெண்ணைச் செயலாளரே தன் கைப்பேசியில் கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் வந்தது இன்னும் ஐந்து நாள் கழித்து. கணவர் வண்டியோடு வெளியூர் போயிருந்தாராம், மாமனாரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லையாம். அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. அவர் வருகிறார் என்று தெரிந்து நானும் போயிருந்தேன். ஏழு பேரும் ஏறினார்கள். மாமனாருக்கு வயது மட்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ‘வேறு உறவு’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று தட்டச்சு செய்யும் பெண்மணி கேட்டார்.

“இன்னான்னு போடட்டும்? அக்கா புள்ளைங்கன்னு போடட்டுமா?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். “எங்க வூட்டுப் புள்ளைங்கன்னு போட முடியுமாக்கா?”

பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெட்டியில் எதை வேண்டுமானாலும் தட்டலாம் என்றேன். அப்படியே தட்டினார்.

பழைய நான்கு பாதி விண்ணப்பங்களையும் செயலாளர் பார்க்க நானே அழித்தேன். அவர் பட்டியலில் பேனாவால் அந்தக் குடும்பத்துக்கு எதிரே இருந்த ‘நிறுத்தி வைப்பு’ என்பதை அடித்துக் கையெழுத்துப் போட்டார். பொருட்கள் வந்து சேர இன்னும் பத்து நாள் ஆனது. மற்றப் பிள்ளைகள் புதுச் சீருடையில் போனபோது அந்த நான்கு பிள்ளைகளும் ஏறக்குறைய இரண்டு வாரம் பழையதில்தான் போனார்கள். அதற்கு எந்த விளக்கமும் நான் யாருக்கும் கொடுக்க முடியாது.

பொருள் வாங்க வந்த அன்று அவரை அங்கே மறுபடியும் பார்த்தேன். பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை, பள்ளி நாள். நான்கு பைகளையும் இரண்டு தோளிலும் இரண்டிரண்டாக மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் என்னிடம் நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. வேறு ஏதோ கேட்க வேண்டியிருந்தது.

“அடுத்த வருசமும் இதே மாரி அல்லாத்தையும் மறுக்கா சொல்லணுமாங்க? இல்ல, அதுவே இருக்குமா?”

“இருக்கும்மா. வகுப்பை மட்டும் மாத்தினா போதும்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். நான் தெருவில் நின்றபடியே கைப்பேசியை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டேன். ஏற்கனவே சேமித்த குடும்பத்தை மறுபடியும் திறந்து, அதே பக்கத்தில், அதே ஏழு பேரோடு, யாரையும் இரட்டிப்பாக்காமல் திருத்துகிற வசதி எங்கள் படிவத்தில் அன்றுவரை இல்லை.

“கிளையன்ட் கேட்டாங்களாக்கா?” என்றார் முதலாளி.

“கேட்டாங்க” என்றேன்.